பதினேழாவது ஒலிப்பதிவு

ஓய்வுபெற்ற பிறகு நான் கல்லூரியிடம் ஒப்படைத்த ஒலிப்பதிவுப் பட்டியலில் பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வருகிறது. எனக்குப் பிறகு அந்த மொழியியல் வகுப்பை எடுக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவர் அதைக் கவனித்து எனக்கு எழுதியிருந்தார். “ஐயா, இது எண் போடும்போது வந்த பிழையா, இல்லை ஒரு கோப்பு தவறிவிட்டதா?”

“அது உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்த வரி என்னை உறுத்தியது. அதில் பொய் இல்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்குக் கைவந்த பழக்கம், அதன் விலையை வேறொருவர் கொடுத்திருக்கிறார். ஆகவே மெல்பேணிலும் சிட்னியிலும் மொழி வகுப்புகளுக்குள் புதிதாக நுழையும் உங்கள் எல்லோருக்கும் முழுவதையும் எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கருவியை ஒருவரின் முன்னால் வைக்கிற எவரும் என் இடத்துக்கு வந்துசேரலாம்.

எங்கள் சமூகக் கல்லூரி டண்டினொங் ரெயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அடிப்படை மொழியியல் வகுப்பு சனிக்கிழமை காலைகளில். வருகிறவர்கள் வாரம் முழுவதும் வேலை செய்தவர்கள்: முதியோர் இல்லத்துத் தாதிகள், லொறி ஓட்டுநர்கள், தொழிற்சாலைக்காரர்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பரப்பிச் சொல்லிக்கொடுப்பதை நாங்கள் ஒரு வருடச் சனிக்கிழமைகளுக்குள் அடைக்கவேண்டும். முடிவில் ஒவ்வொருவரும் தம் வீட்டு மொழி பேசும் ஒருவரைக் கால் மணி நேரம் ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தில் பெயர்த்து, அந்தப் பேச்சு எப்படி இயங்குகிறது என்று விவரிக்கவேண்டும். அதுதான் இறுதி ஒப்படை.

நான் சேர்ந்த காலத்தில் அந்த வகுப்பை நடத்தியவர் ஓய்வுக்கு நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கொழும்பில் இரண்டு பட்டங்கள் வாங்கி வந்த எனக்கு அவரிடம் கற்க அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஒருநாள் ஒரு தீவிலிருந்து வந்த முதியவரை வகுப்பில் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தோம். மீன்பிடி வலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று தன் தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குரல் மாறியது. அந்தப் பெண்மணி கையை நீட்டிக் கருவியை நிறுத்தினார். முதியவர் பேசி முடிக்கும்வரை எல்லோரும் சும்மா இருந்தோம். கருவி மறுபடி ஓடவில்லை.

வகுப்பு முடிந்ததும் நான் கேட்டேன்: “இயல்பான பேச்சு அப்போதுதானே வந்தது? ஏன் நிறுத்தினீர்கள்?”

“அது நமக்குத் தரப்பட்டது இல்லை” என்றார்.

இதை நான் மென்மனம் என்று எடுத்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்கு ஆகாத மென்மனம். அவருடைய பதவிக் கதிரை எனக்கு வந்தபோது அந்தத் தவறைத் திருத்திவிட்டதாகவும் நினைத்தேன். என் காலத்தில் ஒரு கருவியும் இடையில் நிறுத்தப்படவில்லை.

ஆனால் ஒரு நல்ல முறையையும் நான் கொண்டுவந்தேன். அதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு என்னைக் குற்றவாளி ஆக்கியது அதுதான். முன்பெல்லாம் பேசுகிறவர்கள் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வைப்பார்கள். பலருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. பிள்ளை காட்டுகிற இடத்தில் வைப்பார்கள். நான் படிவத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் பதிவின் தொடக்கத்தில் தம் மொழியிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லவேண்டும் என்று விதி வைத்தேன். பெயர், ஊர், இதை யார் யார் கேட்கலாம். “பேச்சுதான் நம் தொழில். சம்மதமும் பேச்சிலேயே இருக்கட்டும்” என்று கல்லூரிக்கு வருகிற விருந்தினர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன்.

நஸ்லியா என் வகுப்பில் சேர்ந்தது அந்தக் காலத்தில். அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் பெண். நோபல் பார்க்கில் கணவர், பிள்ளைகள், மாமியாரோடு இருந்தார். வார நாட்களில் ஒரு வெயார்ஹவுசில் பெட்டிகள் அடுக்கும் வேலை. முதல் நாள் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் ஏன் இந்த வகுப்பு என்று கேட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கியவர், எனக்குத் தமிழ் தெரியும் என்றதும் தன் ஊர்த் தமிழுக்கு மாறிக்கொண்டார்; அதில் ‘சொல்’ என்பது ‘செல்’ ஆகும்.

“சேர், எங்கட ஆக்கள் டொக்டர்ட்ட போனா புள்ளையளத்தான் கூட்டிட்டுப் போறாங்க, இங்கிலீசு பேசுறதுக்கு. உம்மாட வருத்தத்த மகன் எப்பிடிச் செல்ற? பாதிய மறைச்சுப் போடுவான். அதுக்கு வெளியாள் ஒண்டு வேணும். அந்த ஆள் நான்தான்.”

“நீங்களே முடிவெடுத்திட்டியள்?”

“ஓம் சேர். மாமியும் முடிவெடுத்திட்டா. ‘நீ படி, ஊட்ட நான் பாக்கன்’ எண்டு செல்லிட்டா. மாமி போ எண்டா நான் ஏன் நிக்கணும்?”

ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு அவர் போகவேண்டுமென்றால் இரண்டு விஷயங்கள் வேண்டும். என் வகுப்பில் சித்தி, அதாவது தேர்ச்சி. பிறகு, பிறர் நம்பிச் சொன்னதை வெளியே விடாதவர் என்று ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் கடிதம். இரண்டாவதைத் தருவதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஒப்படைக்கு நஸ்லியா தன் மாமியாரைப் பதிவு செய்துகொண்டு வந்தார். பென் டிரைவை என் கையில் தந்தபோது கொஞ்சம் தயங்கினார்.

“சேர், மாமி வெளியில போடப்படாதெண்டு செல்லியிரிக்கா. தொடக்கத்துலயே இரிக்கி. சமையலப் பத்திச் செல்லுங்க எண்டுதான் கேட்டன். அவ கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது. நடுவால ஊட்டுக் கதையும் வந்திட்டு.”

“பயப்படாதேங்கோ. வகுப்புக்கு மட்டும்தான்.”

“உங்கள நம்பித்தான் இரிக்கன் சேர்.”

ஒப்படைகளுக்குப் புள்ளி போடும்போது முழுவதையும் கேட்டேன். தொடக்கத்தில் மாமியார் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, யாரோ மறுத்துப் பேசப்போகிறார்கள் என்பதுபோலக் குரலை உயர்த்திச் சொல்கிறார்: “இத என்ட மருமகள்ட படிப்புக்குக் குடுக்கன். வகுப்புல இரிக்கிற ஆக்கள் கேக்கலாம். வெளியில ஒருத்தருக்கும் போடப்படாது, செல்லிட்டன்.” சம்மதம் என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன். பட்டியலில் அதற்குப் பதினேழாம் எண் விழுந்தது.

அதன் நான்காவது நிமிடத்துக்குப் பிறகு வருகிற ஒரு நாற்பது விநாடிப் பகுதியில் எனக்கு மோகம் பிடித்தது. அவர் சொல்லும்போது குரல் படிப்படியாக ஏறி, ஒரு இடத்தில் நின்று, சட்டென்று இறங்கும். அப்படியொரு ஏற்ற இறக்கத்தை நான் எந்தப் பதிவிலும் கேட்டதில்லை. அதை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு வகுப்பில் பலமுறை போட்டேன். அதன் வரைபடத்தைப் பார்க்காமலே பலகையில் வரைவேன். ஆனால் அந்த நாற்பது விநாடியில் அவர் என்ன சொல்கிறார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். காது ஒலியின் பின்னால் போய்விட்டது. ஒரு பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்காமல் இருக்கப் பழகுவது நம் தொழிலில் ஒரு திறமை. இந்தத் திறமையோடு கவனமாக இருங்கள்.

அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டிலிருந்து மணமாகிப் போன பெண் ஒருவரின் வாழ்க்கை பற்றிய பேச்சு, வீட்டுக்குள் இருக்கவேண்டிய பேச்சு. அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

அந்த வருடம் மொழியியல் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கல்லூரி நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. திறந்த நாள் ஒன்றை வைத்து, சுற்றுவட்டாரக் குடும்பங்களை அழைத்து, ஒவ்வொரு பிரிவும் தன் அருமையைக் காட்டவேண்டும் என்றார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினித் துறைக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்தவர்கள், கிழக்கு மாகாண முஸ்லிம் குடும்பங்கள், வேறு பல நாட்டவர்கள். முன்வரிசையில் அதிபரும் துறைத் தலைவியும். நஸ்லியா பின்னால் தேநீர் மேசையில் நின்று உதவிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் திறந்தவை என்று குறித்த மூன்று பதிவுகளைத் தயாரித்து வைத்திருந்தேன். மண்டபத்துக் கணினியில் அவை ஒன்றும் திறக்கவில்லை. தொழில்நுட்ப உதவியாளர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து தமிழில் “இவருக்கே பேச்சு வரல, நமக்கு என்ன சொல்லித் தரப்போறார்” என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சுட்டது.

என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதில் அந்த நாற்பது விநாடி இருந்தது. அது வகுப்புக்கு மட்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. நாற்பது விநாடிதானே, பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். செருகி அழுத்தினேன்.

முதல் சில விநாடிகள் முகங்கள் மலர்ந்தன. தங்கள் பேச்சு ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்ட சந்தோஷம். பிறகு நடுவரிசையில் முக்காடு போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடிப்பதைப் பார்த்தேன். பின்னாலிருந்து நஸ்லியா கையை உயர்த்தியபடி நடைபாதையில் வேகமாக வந்துகொண்டிருந்தார். தன் ஒப்படை இத்தனை பேர் முன்னால் ஒலிப்பது கண்டு பூரித்து வருகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள், முடியட்டும் என்று காட்டினேன். அவர் நடைபாதையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். பதிவு கடைசிச் சொல்வரை ஓடியது. கைதட்டினார்கள். அதிபரும் கைதட்டினார்.

முக்காடு போட்ட அந்தப் பெண் குரலை அடையாளம் கண்டுகொண்டார்; அவர், மாமியாரின் வார்த்தைகள் எந்தக் குடும்பத்தைப் பற்றியவையோ அந்தக் குடும்பத்தவர். அடுத்த வாரம் அவர்கள் கல்லூரிக்கு எழுத்தில் முறைப்பாடு செய்தார்கள்.

விசாரணை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சிறிய அறை, வட்ட மேசை, துறைத் தலைவி, மாணவர் விவகார அலுவலர், நஸ்லியா, நான். கேள்வி ஒன்றுதான்: பதிவைப் பொதுவில் போட அனுமதி இருந்ததா? அனுமதி இல்லாமல் ஆசிரியர் போட்டிருந்தால் அது ஆசிரியரின் ஒழுக்க மீறல். கட்டுப்பாடு எதுவும் சொல்லாமல் மாணவி கொடுத்திருந்தால் அது மாணவியின் தவறு. என் முறையில் படிவம் இல்லை. பதிவின் முதல் நிமிடம்தான் சாட்சி.

துறைத் தலைவி அதை ஓடவிட்டார். மாமியாரின் குரல் அந்த அறையில் மூன்று வசனங்களைச் சொன்னது. துறைத் தலைவிக்கும் அலுவலருக்கும் ஒரு சொல்கூட விளங்காது. துறைத் தலைவி என்னைப் பார்த்து, “என்ன சொல்கிறார்?” என்றார்.

அந்த வகுப்பு போனால் என் வேலையும் போகும். வீட்டில் கடன் இருந்தது என்றெல்லாம் காரணம் அடுக்கலாம். உண்மை அதைவிடச் சின்னது. துறைத் தலைவியின் முன்னால் என் முகம் சிறுத்துப்போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“மருமகளின் படிப்புக்காக இதைத் தருகிறேன், ஆட்கள் கேட்கலாம் என்கிறார்” என்றேன்.

நஸ்லியா என் பக்கம் திரும்பினார். மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்: “சேர், அது அரைவாசி. மிச்சத்தையும் செல்லுங்க.”

எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தார். துறைத் தலைவி காத்திருந்தார். “அவ்வளவுதான்” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

நஸ்லியா நேராகத் துறைத் தலைவியிடம் ஆங்கிலத்தில், “இல்லை, அதில் இன்னும் ஒரு வசனம் இருக்கிறது” என்றார்.

துறைத் தலைவி நியாயமானவர். “உங்கள் இருவருக்கும் இதில் பங்கிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவோம்” என்றார்.

“அவர் எவ்வளவைக் கேட்பார்?” என்று நஸ்லியா கேட்டார்.

“முழுப் பதிவையும். பிறகு பதிவும் அதன் மொழிபெயர்ப்பும் கோப்பில் சேரும். முறைப்பாடு செய்தவர்களுக்கும் பார்க்க உரிமை உண்டு.”

மண்டபத்தில் நாற்பது விநாடி மட்டும் கேட்ட அவர்கள் இனி முழு வீட்டுக் கதையையும் கேட்பார்கள். முதல் நிமிடத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெட்டுவதில் நான் கெட்டிக்காரன். சொல்லவில்லை.

நஸ்லியா மேசையில் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, “வேண்டாம். கூப்பிட வேண்டாம்” என்றார்.

“அப்படியென்றால் ஆசிரியர் சொன்னதைத்தான் நான் எடுக்கவேண்டியிருக்கும். அது உங்களைப் பாதிக்கும், தெரியுமா?”

“தெரியும். எடுங்கள்.”

பிறர் நம்பிச் சொன்னதைக் காப்பவரா என்று சோதிக்கும் ஒரு பரீட்சை உண்டென்றால் அது அந்த அறையில் நடந்தது. நஸ்லியா அதில் தேறினார். அதே நிமிடத்தில் அவர் தேறவில்லை என்று கோப்பில் எழுதப்பட்டது. பேசியவரின் நிபந்தனைகளை ஆசிரியருக்குத் தெரியப்படுத்தத் தவறியவர் என்று. சித்தி நிறுத்திவைக்கப்பட்டது. நான் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் எழுதப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

நடைகூடத்தில் அவர் பின்னால் போனேன். “நஸ்லியா, வாற வருசம் திருப்பிச் செய்யலாம். நான் உதவி செய்யிறன்.”

அவர் கோபமாகத் திரும்பவில்லை. அதை நான் எதிர்பார்த்திருந்தேன், தயாராகவும் இருந்தேன். “மாமிக்கு நான் என்னத்தச் செல்ற சேர்?” என்று மட்டும் கேட்டார். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே போய்விட்டார்.

வகுப்பு தப்பியது. அந்தத் திறந்த நாளுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் அதிகம் என்று நிர்வாகம் சந்தோஷப்பட்டது. இன்னும் சில வருடங்கள் அங்கேயே இருந்தேன். என் பிரியாவிடையில் துறைத் தலைவி, “எங்கள் எல்லோருக்கும் கேட்கக் கற்றுத்தந்தவர்” என்று பேசினார். எழுந்து நின்று நன்றி சொன்னேன். கேக் வெட்டினேன்.

பிறகு பட்டியல் வந்தது. எல்லாப் பதிவுகளையும் வருங்கால மாணவர்களுக்காகச் சேமிக்கப் போகிறார்கள், ஒவ்வொன்றின் முதல் நிமிடத்தையும் மறுபடி கேட்டு, யார் கேட்கலாம் என்று ஒரு கட்டத்தை நிரப்பித் தாருங்கள் என்றார்கள். வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து பதினாறுவரை ஒரே மூச்சில் முடித்தேன். பதினேழு ஓடியது. “வெளியில ஒருத்தருக்கும் போடப்படாது, செல்லிட்டன்.” என்னை நிறுத்த அறையில் யாரும் இல்லை. முதல் நிமிடத்தோடு நிற்காமல் முழுவதையும் கேட்டேன். அந்த நாற்பது விநாடியும் வந்தது. ஏற்ற இறக்கம் எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு தாய் தாங்கமாட்டாமல் சொல்கிற விஷயம் விழுந்தது. அவர் குரல் அந்த இடத்தில் ஏன் நின்று இறங்கியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கட்டத்தை நிரப்பவில்லை. அந்த வாரமே நோபல் பார்க்குக்கு ரெயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் மாமியார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் “ஆரு?” என்று கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இன்னார் என்றேன். முகம் இறுகியது. ஆனாலும் வாசலில் நிற்கவைக்கவில்லை.

“உள்ளுக்கு வாங்க. இரிங்க. புள்ள வேலைக்குப் பொயித்தா, வாற நேரம்தான்.” தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தார். “அவ அண்டைக்கு உங்களுக்கு ஒழுங்காச் செல்லியிருந்தா இவ்வளவும் நடந்திரிக்காது. நான் எத்தினை தரம் ஏசியிருப்பன்! ‘ஒரு சின்ன விசயத்த அவரிட்டச் செல்ல ஏலாத நீ, ஆஸ்பத்திரில என்னத்தக் காப்பாத்தப்போறாய்’ எண்டு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “நஸ்லியா உங்களிட்ட என்ன சொன்னவ?”

“சேர்ட்ட செல்ல மறந்திட்டன் மாமி, பிழை என்னுலதான், எண்டா. வேறென்ன செல்ல?”

நடைகூடத்தில் நான் பதில் சொல்லாத கேள்விக்கு அவர் தானே பதில் கண்டுபிடித்திருக்கிறார். இத்தனை வருடமும் அந்தப் பதிலின் கீழேயே அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறார்.

சொன்னேன். பென் டிரைவை அவர் என்னிடம் தந்தபோது சொன்னதிலிருந்து, மண்டபத்தில் நான் உயர்த்திய விரல்வரை, வட்ட மேசையில் நான் விழுங்கிய வசனம்வரை. முடிந்ததும் மாமியார், “அதப் போடுங்க” என்றார்.

கையடக்கக் கணினியில் ஓடவிட்டேன். தன் பெயரை, ஊரை, மூன்று வசனங்களைத் தானே கேட்டார். பதிவு சமையலுக்குப் போனது. அதற்குப் பிறகு எது வரும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டினீங்க?”

“மிச்சம் எனக்குத் தந்தது இல்லை.”

கதவு திறந்தது. நஸ்லியா, ஒளிரும் மஞ்சள் மேலாடையோடு, ஒரு சப்பாத்தைக் கழற்றிய காலோடு நின்றார். தன் மாமியாரின் குரலை வெளியிலேயே கேட்டிருக்கவேண்டும். தலைமுடியில் நரை கண்டிருந்தது.

மாமியார் அவரைப் பார்த்துக் கத்தினார். “புள்ள, இத நீ ஏன் எனக்குச் செல்லல்ல?”

“செல்லி என்ன மாமி? நீங்க அப்பவே கொலிஜுக்குப் போய் சேர்ட சேட்டுக் கொலரப் புடிச்சிருப்பீங்க.”

“புடிச்சிரிப்பன்தான்!”

“அதான் செல்லல்ல. மறுகா கொலிஜ் முழுக்க அந்தக் கதைதான் ஓடும்.”

மாமியார் என் பக்கம் திரும்பினார். “அண்டைக்கு உங்கள இங்கிலீசில செல்லத்தானே கேட்டாங்க? இப்ப செல்லுங்க. அவக்கு முன்னால செல்லுங்க.”

எழுந்து நின்றேன். அந்தச் சிறிய அறையில், தொலைக்காட்சிக்கும் உலர்த்த விரித்திருந்த பிள்ளைகளின் உடுப்புகளுக்கும் நடுவில், மூன்று வசனங்களையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று விழுங்கிய மூன்றாவதை மட்டும் திருப்பிச் சொன்னேன்.

நஸ்லியா மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். “இப்ப முழுசா இரிக்கி” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. “கொலிஜுக்கு எழுதித் தாங்க சேர்” என்றார். “மறுகா, உங்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு வாறவங்களுக்கும் எழுதுங்க. எங்கட பேரப் போடாதீங்க.”

கல்லூரிக்கு எழுதினேன். அந்தத் துறைத் தலைவி இப்போது அங்கே இல்லை. இருக்கிறவர்கள் என் கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, பழைய குறிப்பை நீக்கி, சித்தியை வழங்கி நஸ்லியாவுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். பதினேழாவது பதிவின் எல்லாப் பிரதிகளும் அழிக்கப்பட்டு, ஒன்று மட்டும் மாமியாரின் அலமாரியில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கான விண்ணப்பம் நஸ்லியாவின் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நிரப்பியிருக்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இளைய நண்பர்களே, கருவிகள் வேலை செய்யாமல் போகும். முன்வரிசையில் இருப்பவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பையில் இருப்பது யாருடைய குரல் என்று யோசியுங்கள். நான் திறக்காத கோப்புகளோடு வெறுங்கையனாக மண்டபத்தில் நின்று சிரிப்புக்கு ஆளாகியிருந்தால், அடுத்த திங்கட்கிழமையே எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். உங்களைத் தவிர வேறொருவருக்கும் விளங்காத பேச்சை மற்றவர்களுக்குப் பெயர்த்துச் சொல்லச் சொன்னால், இன்னும் அதிகம் பயப்படுங்கள். அங்கே உங்களைத் திருத்த ஆள் இருக்காது. இருப்பவருக்கும் வாய் திறக்க முடியாத காரணம் இருக்கலாம்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் மறுபடி நோபல் பார்க்குக்குப் போய் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். இந்தமுறை தேநீர் கிடைத்தது. இரண்டு இடங்களில் மாமியார், “அது வேணாம்” என்றார். வெட்டினேன். மூன்றாவதாக ஒரு இடம் இருந்தது. என்னைப் பற்றிச் சற்று நல்லவிதமாக நானே எழுதிவைத்திருந்த ஒரு வரி. அதை வாசித்து முடித்தபோது நஸ்லியா கையை நீட்டிப் பேனாவை வாங்கி, தானே அதன் மேல் கோடு போட்டார்.